வால்யூமை எப்போது கையால் நகர்த்துவது, எப்போது ஸ்டோரேஜ் பொறுப்பில் விடுவது

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்தில் 12 டெராபைட் வால்யூம் (ஸ்டோரேஜில் டேட்டாவுக்கென ஒதுக்கிய பகுதி) ஒன்றைப் பழைய டிஸ்க் அக்ரிகேட்டிலிருந்து (பல டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) புதிய, வேகமான ஃப்ளாஷ் அக்ரிகேட்டுக்கு நகர்த்தத் தொடங்கியிருந்தோம். வாடிக்கையாளரின் கணக்கு மென்பொருள் முழுவதும் அந்த வால்யூமில்தான் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன தம்பி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அடிக்கடி படிக்கிற டேட்டாவை ஸ்டோரேஜே தானா மேல தூக்கிக்குதே. அப்புறம் நாம எதுக்கு ராத்திரி முழிச்சிருந்து கையால நகர்த்தணும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தபோதே காப்பி வேகம் சரியத் தொடங்கிவிட்டது. கவனம் அங்கே போய்விட்டது. பெங்களூரில் பதினாறு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். அன்று அவனுக்குப் பாதியில் விட்ட பதிலை, இந்த வேலைக்குப் புதிதாக வரும் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

தானியங்கி முறை நேற்றுவரை நடந்ததை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள் என்பதோ, அடுத்த மாதம் பழைய ஸ்டோரேஜ் பெட்டியின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது என்பதோ, மார்ச் 31க்கு முன் எதையும் தொடக்கூடாது என்பதோ அதற்குத் தெரிய வழியே இல்லை. அதெல்லாம் தெரிந்தவர் நீங்கள். ஒரு வால்யூமுக்குள் எந்தத் துண்டு ஃப்ளாஷில் இருக்க வேண்டும், எந்தத் துண்டு டிஸ்க்குக்குப் போகலாம் என்பதை ஸ்டோரேஜ் பார்த்துக்கொள்ளட்டும். முழு வால்யூமும் எந்தப் பெட்டியில், எந்தக் கன்ட்ரோலரின் (ஸ்டோரேஜை இயக்கும் கணினி) கீழ், எந்த நாளிலிருந்து இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் கணக்கு

நகர்த்துவது என்று முடிவானதும் கட்டளை அடிக்கப் போகாதீர்கள். ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: எவ்வளவு டேட்டா, நொடிக்கு எவ்வளவு காப்பி ஆகும், அந்த நேரத்தில் நொடிக்கு எவ்வளவு புதிதாக எழுதப்படும்.

எங்கள் வால்யூம் 12 டெராபைட். சோதித்துப் பார்த்ததில் நொடிக்கு 300 மெகாபைட் கிடைத்தது. ஆக 40,000 நொடி, அதாவது 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். இதில் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் 11 மணி நேரமும் அப்ளிகேஷன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது நொடிக்கு 50 மெகாபைட் எழுதுகிறது என்றால், முதல் சுற்று முடியும்போது 2 டெராபைட் மாறியிருக்கும். இரண்டாவது சுற்றில் அதைக் காப்பி செய்ய இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 300 கிகாபைட்டுக்கு மேல் மாறியிருக்கும், அதற்கு இன்னும் 20 நிமிடம். இப்படிச் சுற்றுக்குச் சுற்று சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சில நொடிகளில் முடிக்கக்கூடிய மிச்சம்தான் நிற்கும். அதையும் சேர்த்துவிட்டு வால்யூம் புதிய இடத்துக்கு மாறும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் கட்ஓவர் என்று பெயர். எழுதும் வேகம் காப்பி வேகத்தை நெருங்கினால் இந்தச் சுருக்கம் நடக்காது, நகர்த்தல் முடியவும் முடியாது. அப்படிப்பட்ட வால்யூமை வார நாளில் தொடங்கிவிட்டு "ஏன் 99 சதவீதத்திலேயே நிற்கிறது" என்று கேட்பதில் பயனில்லை.

வேக அமைப்பையும் சும்மா நம்பிவிடாதீர்கள். ஐபிஎம் எஸ்விசி வகை ஸ்டோரேஜில் ஒரு வால்யூமுக்கு இரண்டாவது பிரதி சேர்த்து, அது ஒத்திசைந்ததும் பழைய பிரதியை எடுத்துவிடும் வழி இருக்கிறது. நல்ல வழி, நான் விரும்பிப் பயன்படுத்துவது. ஆனால் அதன் ஒத்திசைவு வேகம் இயல்பாக 50 என்று இருக்கும். பார்த்தால் பாதி வேகம் போலத் தோன்றும். உண்மையில் அது நொடிக்கு 2 மெகாபைட். ஒரு டெராபைட்டுக்கே ஆறு நாள் ஆகிவிடும். 100 என்று வைத்தால் நொடிக்கு 64 மெகாபைட், அதே டெராபைட் நான்கரை மணி நேரத்தில் முடியும். நேராக 100க்குத் தூக்கிவிடாமல், 80 வைத்து அரை மணி நேரம் லேட்டன்சியை (ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் ஆகும் தாமதம்) கவனித்துவிட்டு ஏற்றுவது என் வழக்கம்.

அன்று இரவு வேகம் சரிந்ததற்குக் காரணம் பேக்கப். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்க வேண்டியதை யாரோ 11.30க்கு மாற்றியிருந்தார்கள். பேக்கப்பும் எங்கள் காப்பியும் அதே பழைய டிஸ்க்குகளிலிருந்துதான் படிக்கின்றன. பேக்கப் குழுவிடம் பேசி ஒரு நாளுக்குத் தள்ளிவைத்தோம், வேகம் திரும்பியது. பேக்கப், ரெப்ளிகேஷன் (வேறு இடத்துக்குப் பிரதி அனுப்புவது), வைரஸ் ஸ்கேன் மூன்றின் நேரத்தையும் அன்றைய தேதிக்கு நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆவணத்தில் இருக்கும் நேரத்தை நம்பாதீர்கள்.

ஒரே பெட்டிக்குள் நகர்த்துவது

நெட்ஆப் ஸ்டோரேஜின் மென்பொருளான ஆன்டேப்பில் இதற்கு வால்யூம் மூவ் என்ற கட்டளை இருக்கிறது. எந்த எஸ்விஎம் (ஸ்டோரேஜுக்குள் இருக்கும் மெய்நிகர் சர்வர்), எந்த வால்யூம், எந்த அக்ரிகேட்டுக்கு என்ற மூன்றையும் கொடுத்தால் போதும், தொடங்கிவிடும். தொடங்கும் முன் அதே கட்டளையைச் சரிபார்ப்பு மட்டும் செய்யும் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். இடம் போதாது, வேறு வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பது போன்ற தடைகளை அப்போதே சொல்லிவிடும். ஸ்னாப்ஷாட்டுகளும் (டேட்டாவின் முந்தைய நிலைகளின் பதிவுகள்) கூடவே வரும். அவற்றையும் சேர்த்து இடத்தைக் கணக்கிடுங்கள். நகர்ந்து முடிந்த பிறகும் போய்ச் சேரும் அக்ரிகேட் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்வேன்.

கட்ஓவர்தான் இதில் உயிர்நாடி. அந்த நேரத்தில் வால்யூமுக்குப் போகும் படிப்பும் எழுத்தும் நிறுத்திவைக்கப்படும். இப்போதைய பதிப்புகளில் அதற்கு இயல்பான அவகாசம் 30 நொடி, முயற்சிகள் மூன்று. அவகாசத்துக்குள் முடியவில்லை என்றால் விட்டுவிட்டுப் பிறகு மறுபடி முயலும். லினக்ஸ் சர்வர் ஒரு எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரமும் இயல்பாக 30 நொடிதான். இரண்டும் உரசும் இடம் இது. பெரும்பாலும் கட்ஓவர் சில நொடிகளில் முடிந்துவிடும் என்பது உண்மை. இருந்தாலும் ஹோஸ்டில் (வால்யூமைப் பயன்படுத்தும் சர்வரில்) காத்திருப்பு நேரம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். அந்த வால்யூமில் டேட்டாபேஸ் இருந்தால், டேட்டாபேஸ் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொடவே மாட்டேன்.

கட்ஓவர் எப்போது நடக்க வேண்டும் என்பதை ஸ்டோரேஜின் விருப்பத்துக்கு விடாதீர்கள். காத்திரு என்ற அமைப்பைக் கொடுத்தால், கடைசி மிச்சம்வரை காப்பி செய்துவிட்டு, மாறியதை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே உங்கள் சொல்லுக்காக நிற்கும். நீங்கள் தயாரானதும் கட்ஓவரைத் தூண்டும் கட்டளையைக் கொடுக்கலாம். அதிகாலை மூன்றரைக்கு யாரும் பார்க்காத நேரத்தில் கட்ஓவர் தானாக நடந்து, ஆறு மணிக்கு அப்ளிகேஷன் குழு "ராத்திரி என்ன செய்தீர்கள்" என்று கேட்கும் நிலை இதனால் வராது.

இஎம்சி விஎன்எக்ஸ் போன்ற பழைய பெட்டிகள் இன்னும் பல டேட்டா சென்டர்களில் ஓடுகின்றன. அவற்றில் லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டப்படும் பகுதி) மைக்ரேஷன் செய்யும்போது, போய்ச் சேரும் லன் அதே அளவாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். முடிந்ததும் புதியது பழையதின் அடையாளத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் சர்வருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. குறைந்த வேகம், நடுத்தரம், அதிகம், உடனடி என்று நான்கு வேகங்கள் உண்டு. உடனடி என்பதை வேலை நேரத்தில் தொடாதீர்கள்.

பாதைகளைப் பாருங்கள்

சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் இணைப்பு வழிகளைத்தான் பாதைகள் என்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட விதம் அப்படி.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு நிறுவனத்தில். நான்கு நோடுகள் (கன்ட்ரோலர்கள்) ஒன்றாக இயங்கும் கிளஸ்டர். முதல் நோடில் இருந்த வால்யூமை மூன்றாவது நோடுக்கு நகர்த்தினேன். எந்தப் பிழையும் வரவில்லை. திரையில் வெற்றி என்று வந்தது, நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாம் மெதுவாக இருக்கிறது என்று அழைப்பு. ஃப்ளாஷுக்கு நகர்த்திய பிறகு மெதுவா? ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது. சர்வர் இன்னும் முதல் இரண்டு நோடுகளின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படிப்பும் பழைய நோடில் நுழைந்து, கிளஸ்டரின் உள் நெட்வொர்க்கைக் கடந்து மூன்றாவது நோடுக்குப் போய்த் திரும்பியது. புதிய நோடுக்கு நேரான பாதை ஒன்றுகூடச் சர்வருக்குத் தெரியவில்லை.

தவறு என்னுடையது. டேட்டா ஆன்டேப் 8.3 முதல், ஒரு லன்னை ஹோஸ்டுக்கு மேப் செய்தால் (பயன்படுத்தக் கொடுத்தால்) அதை வைத்திருக்கும் நோடும் அதன் ஜோடி நோடும் மட்டும்தான் பாதைகளைக் காட்டும். பாதைகள் தேவையில்லாமல் பெருகாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஜோடியைத் தாண்டி நகர்த்தும்போது, புதிய ஜோடியையும் பாதை காட்டும் நோடுகளாக முன்கூட்டியே சேர்க்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

அன்றிலிருந்து என் வரிசை மாறவே இல்லை. முதலில் புதிய ஜோடியைச் சேர்க்கிறேன். ஹோஸ்டில் ரீஸ்கேன் செய்து (டிஸ்க்குகளை மறுபடி தேடவைத்து), எல்லாப் பாதைகளையும் காட்டும் மல்டிபாத் பட்டியலில் புதிய பாதைகள் வந்துவிட்டனவா என்று கண்ணால் பார்க்கிறேன். எதிர்பார்த்த எண்ணிக்கை வராவிட்டால் ஃபைபர் ஸ்விட்சில் ஜோனிங் (எது எதோடு பேசலாம் என்ற அனுமதி) விட்டுப்போயிருக்கும், அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில்லை. அதன் பிறகே நகர்த்தல். கட்ஓவர் முடிந்ததும் மறுபடி மல்டிபாத் பட்டியல்: இப்போது புதிய பாதைகள் ஆப்டிமைஸ்டு (நேரானவை) என்றும் பழையவை நான்-ஆப்டிமைஸ்டு (சுற்றிப் போகிறவை) என்றும் மாறியிருக்க வேண்டும். மாறியதை உறுதி செய்தபிறகு பழைய ஜோடியை எடுத்துவிட்டு, கடைசியாக இன்னொரு ரீஸ்கேன்.

பெட்டி விட்டுப் பெட்டி

இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்பு என்றால் பெரும்பாலும் ஹோஸ்ட் வழியாகத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். லினக்ஸில் எல்விஎம் (டிஸ்க்குகளைத் தொகுத்து லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் வசதி) இருந்தால் கவலையில்லை. புதிய பெட்டியிலிருந்து ஒரு லன் கொடுங்கள். அதன் மல்டிபாத் பெயரில் பிவிகிரியேட் (எல்விஎம்முக்குத் தயார் செய்ய), விஜிஎக்ஸ்டெண்ட் (தொகுப்பில் சேர்க்க), அப்புறம் பிவிமூவ் (டேட்டாவை நகர்த்த). மல்டிபாத் பெயர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்டி என்று தொடங்கும் தனி டிஸ்க் பெயரைக் கொடுத்தால் முழு வால்யூமும் ஒரே பாதையை நம்பி நின்றுவிடும்.

பிவிமூவ் துண்டு துண்டாகக் காப்பி செய்யும். நடுவில் சர்வர் மறுதொடக்கம் ஆனாலும் பயப்பட வேண்டாம், எதுவும் கொடுக்காமல் பிவிமூவ் என்று மட்டும் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு லாஜிக்கல் வால்யூமை மட்டும் நகர்த்தவும் வழி உண்டு. பத்து வால்யூம்கள் இருந்தால் முக்கியம் குறைந்த ஒன்றை முதலில் நகர்த்தி வேகத்தைப் பார்ப்பது நல்லது.

பழைய லன்னை எடுக்கும்போது வரிசை பிறழக் கூடாது. விஜிரெட்யூஸ் (தொகுப்பிலிருந்து எடுக்க), பிவிரிமூவ் (எல்விஎம் அடையாளத்தை அழிக்க), பிறகு மல்டிபாத்திலிருந்து நீக்கம், பிறகு ஒவ்வொரு எஸ்டி டிஸ்க்கையும் கர்னலிலிருந்து நீக்கம், கடைசியாக மட்டுமே ஸ்டோரேஜ் பக்கத்தில் அன்மேப். அவசரப்பட்டு ஸ்டோரேஜில் முதலில் அன்மேப் செய்துவிட்டால் ஹோஸ்ட் இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கொண்டே இருக்கும். பாதை இல்லாவிட்டால் வரிசையில் நிறுத்திவை என்ற அமைப்பும் சேர்ந்திருந்தால் சில ப்ராசஸ்கள் அசைக்கவே முடியாமல் தொங்கிவிடும். அதைச் சரிசெய்யச் சர்வரையே ரீபூட் செய்ய வேண்டி வரலாம். டவுன்டைம் இல்லாமல் 12 மணி நேரம் நகர்த்திவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் ரீபூட் கேட்பது மனத்துக்குக் கஷ்டமான காரியம்.

அன்மேப் செய்த பிறகும் பழைய லன்னை நான் ஒரு வாரம் அழிப்பதில்லை. ஆனால் அதை வைத்துத் திரும்பிப் போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பிவிமூவ் முடிந்த நொடியிலிருந்து அதில் இருப்பது பழைய டேட்டா. திரும்பிப் போக வேண்டுமானால் பேக்கப்தான், அல்லது எதிர்த் திசையில் இன்னொரு நகர்த்தல்.

தானியங்கி முறைக்கு எதை விடலாம்

பல பெட்டிகளில் இது டியரிங் என்ற பெயரில் இருக்கிறது. வால்யூமைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டை எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணி, அதிகம் தொடுவதை ஃப்ளாஷுக்கும் மற்றதை டிஸ்க்குக்கும் மாற்றும். ஹிட்டாச்சியில் அந்தத் துண்டு 42 மெகாபைட். விஎன்எக்ஸில் ஒரு கிகாபைட்டாக இருந்து, அடுத்த தலைமுறையில் 256 மெகாபைட்டானது. துண்டு பெரிதாக இருந்தால், அதில் ஒரு மூலை மட்டும் சூடாக (அடிக்கடி தொடப்படுவதாக) இருந்தாலும் முழுத் துண்டும் விலையுயர்ந்த ஃப்ளாஷில் போய் உட்காரும். இந்த அளவில் வேலை செய்ய எந்த மனிதராலும் முடியாது. தாராளமாக விட்டுவிடுங்கள்.

ஆனால் காலண்டரைக் கொடுத்துவிட்டு விடுங்கள். ஆன்டேப்பின் ஃபேப்ரிக்பூலை எடுத்துக்கொள்வோம். தொடாத டேட்டாவைப் பெட்டிக்கு வெளியே இருக்கும் விலை குறைந்த ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிடும் வசதி அது. ஆட்டோ என்ற கொள்கையில் இயல்பாக 31 நாள் தொடாத பிளாக்குகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) குளிர்ந்ததாகக் கருதப்படும். மாதாமாதம் சம்பளப் பட்டியல் ஓடும் டேட்டாவுக்கு இது மயிரிழையில் போதும். காலாண்டுக்கு ஒருமுறை படிக்கும் டேட்டா? ஜூன் 30க்குத் தொட்டதை அடுத்து செப்டம்பர் 30க்குத்தான் தொடுவார்கள். நடுவில் எல்லாம் குளிர்ந்து வெளியே போயிருக்கும். கணக்குத் துறையினர் அறிக்கையைத் திறக்கும் அன்று ஒவ்வொரு பிளாக்காக வெளியிலிருந்து வர வேண்டும். காத்திருக்கப் போவது அவர்கள்தான், அதுவும் காலாண்டின் கடைசி நாளில். இந்த நாள் கணக்கை 9.8 பதிப்பு முதல் 2இலிருந்து 183 வரை மாற்றலாம். காலாண்டு டேட்டா இருக்கும் வால்யூமுக்கு நான் 100 வைக்கிறேன். ஸ்டோரேஜ் செலவு கொஞ்சம் கூடும், அதற்கு வாடிக்கையாளரிடம் காரணம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுவேன்.

ஒரே சர்வரில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரில் ஸ்டோரேஜ் டிஆர்எஸ் இன்னொரு வகை. இது துண்டுகளை அல்லாமல் அந்த மெஷின்களின் டிஸ்க்குகளையே ஒரு டேட்டாஸ்டோரிலிருந்து (அவற்றை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் இடம்) இன்னொன்றுக்கு நகர்த்தும். இயல்பான வரம்புகள் இடத்துக்கு 80 சதவீதம், லேட்டன்சிக்கு 15 மில்லிசெகண்ட். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லேட்டன்சியை மதிப்பிடும். பரிந்துரை மட்டும் சொல்லும் மேனுவல் முறையும், தானே நகர்த்தும் முழுத் தானியங்கி முறையும் உண்டு.

புதிய கிளஸ்டர் என்றால் முதல் ஒரு மாதம் மேனுவலில் வையுங்கள். தினமும் காலையில் டீ குடிக்கும் நேரத்தில் அதன் பரிந்துரைகளைப் படித்து, நீங்களாக இருந்தால் இதைச் செய்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆம் என்றே வந்தால் தானியங்கிக்கு மாற்றலாம். இரண்டு இடங்களில் மட்டும் நான் மாற்றுவதில்லை. கீழே இருக்கும் ஸ்டோரேஜ் ஏற்கெனவே டியரிங் செய்கிறது என்றால் லேட்டன்சியைக் காட்டி நகர்த்தும் பகுதியை நிறுத்திவைப்பேன். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று ஒரே டேட்டாவை இரண்டு பேர் இழுத்தால், கீழே சேர்ந்த எண்ணிக்கையெல்லாம் வீணாகிவிடும். டேட்டாஸ்டோர்கள் ஸ்டோரேஜ் வழியாக வேறு ஊருக்கு ரெப்ளிகேட் ஆகின்றன என்றாலும் மேனுவல்தான். இங்கே 2 டெராபைட் மெஷின் ஒன்று இடம் மாறினால் ரெப்ளிகேஷனுக்கு அது 2 டெராபைட் புதிய டேட்டா. சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போகும் லைன் முழுவதையும் அது அடைத்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

காப்பி ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் சொல்லுக்காக வந்து நின்றது. தம்பியிடம் அப்ளிகேஷன் குழுவை அழைக்கச் சொன்னேன். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கட்ஓவர் கட்டளையை அவனே கொடுத்தான். லேட்டன்சி கோடு ஒருமுறை நிமிர்ந்து, பிறகு முன்பிருந்ததற்குக் கீழே போய்ப் படுத்தது. மல்டிபாத் பட்டியலைப் பார்த்து, பாதைகளை எண்ணி, வால்யூமின் புதிய இடத்தை ஆவணத்தில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். மெட்ரோவில் அல்சூர் வரும்வரை அவன் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.

நகர்த்துவதற்கு முந்தைய வார லேட்டன்சி படத்தைப் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திங்கள் காலை பத்தரைக்கு ஒருமுறையும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி நெரிசலில் பகல் பன்னிரண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் சேஞ்ச் டிக்கெட்டை (இந்த மாற்ற வேலைக்கான பதிவு) மூடச் சொன்னேன்.